பிரேக் அக்காவும் வில்லன் பிராண்டும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக ஒரே பயிற்சிப் பள்ளி, ஒரே வெள்ளை நிறக் கார். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் கூப்பிடும்போது, பக்கத்து இருக்கையில் தன் காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பாள். கடவுள் வருவதற்குள் அவள் கால் பிரேக்குக்குப் போய்விடும். அதனால் பேட்டையில் எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. கட்டின கணவரே நாலு பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார்.

அவளுக்கு ஒரே ஒரு தொல்லை, மூக்கு. சின்ன வயதிலிருந்தே சொல்லாமல் கொள்ளாமல் ரத்தம் கொட்டும். அதற்காக அவள் கவலைப்பட்டதில்லை. கைக்குட்டையெல்லாம் கருஞ்சிவப்பில் வாங்குவாள், தலையணை உறையும் அதே நிறம். மூக்குக்கும் அவளுக்கும் ஏதோ ஒப்பந்தம் மாதிரி, அது பாட்டுக்கு அது, இவள் பாட்டுக்கு இவள்.

ஒரு நாள் நாற்சந்தியில் ஒப்பந்தம் முறிந்தது. அன்று ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பேராசிரியர். ஐம்பது வயதில் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர், எதையும் நன்றாக யோசித்துவிட்டுத்தான் செய்வார். வண்டி சந்தியின் நட்டநடுவில் இருக்கும்போது பிரேக் அக்காவின் மூக்கிலிருந்து குழாய் திறந்த மாதிரி ரத்தம். பேராசிரியர் திரும்பிப் பார்த்தார், இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார்.

பிரேக் அக்கா ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, காலால் பிரேக்கை மிதித்து, வண்டியை ஓரமாக நிறுத்தினாள். பிறகு அடைத்த குரலில் கேட்டாள்: "சார், ரத்தம் எனக்குத்தானே வருது? ஸ்டியரிங்குக்கா வருது? கையை எதுக்கு எடுத்தீங்க?"

பேராசிரியர் அதன் பிறகு இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை.

அதோடு போயிருந்தால் அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கவே மாட்டாள். ஆனால் அடுத்த மாதமே கடைவாய்ப் பல் ஒன்று வேலையைக் காட்டியது. பல் டாக்டர் பல்லைப் பிடுங்கிப் பஞ்சை வைத்து, "ஒரு மணி நேரத்துல நின்னுடும்" என்றார். மறுநாள் மதியம் வரை நிற்கவில்லை. திரும்பப் போய் உட்கார்ந்தபோது அவர் தையல் போட்டுக்கொண்டே கேட்டார், "இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?"

வாய் நிறையப் பஞ்சு. அவள் நாலு விரலைக் காட்டினாள். நாலு தடவை என்று அர்த்தம்.

பல் டாக்டர் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து கடிதம் எழுத ஆரம்பித்தார். பெரிய ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி, ரத்தவியல் பிரிவு. கடிதத்தின் மேல் எழுதியிருந்த அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும்தான் பிரேக் அக்காவுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. ரத்தத்துக்கு என்று தனியாக ஒரு டாக்டர் என்றால் அது ஒரே ஒரு வியாதிக்காகத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த வியாதியின் பெயரைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பல்லுக்குத்தான் திரும்பப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மூன்றாம் மாடியில் மின்தூக்கி திறந்ததும் எதிரே இரண்டு அம்புக்குறி. ஒன்று 'ரத்தப் புற்றுநோய்ப் பிரிவு', மற்றது 'புற்றுநோய் அல்லாத ரத்தக் கோளாறுகள்'. வாழ்க்கையில் அவள் படித்த சாலைப் பலகைகளுக்குக் கணக்கில்லை. எந்தப் பலகைக்கு முன்னாலும் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றதில்லை. ஒரு நர்ஸ் வந்து கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க இந்தப் பக்கம்மா. 'அல்லாத' பக்கம்."

'அல்லாத' என்பது இவ்வளவு அழகான சொல் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அந்த நர்ஸ் கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். கையில் ஒரு கேள்வித்தாள். மூக்கில் ரத்தம் எத்தனை நிமிடம் வரும், காரணமே இல்லாமல் உடம்பில் நீலம் பாரிக்குமா, பிரசவத்தின் போது எப்படி இருந்தது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"மாதவிலக்கு எத்தனை நாள்?"

"ஒன்பது நாள். எல்லாரையும் போலத்தான்."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரும்னா யாரு?"

"எங்கம்மா. எங்க சித்தி. இப்ப என் பொண்ணு. பதினஞ்சு வயசு, மாசத்துல ரெண்டு நாள் ஸ்கூலுக்குப் போகவே மாட்டா. எங்க பொண்ணுங்களுக்கு அப்படித்தான்."

"அது எல்லாரும் இல்லம்மா," என்றார் நர்ஸ். "அது உங்க குடும்பம்."

நாற்பத்து மூன்று வயது வரை பிரேக் அக்கா ஊருக்கெல்லாம் ஒன்பது நாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு தடவை ரத்தம் எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள். மனசு படபடப்பாக இருந்தால்கூட இந்தக் கணக்கு ஏறி இறங்குமாம், அதனால் இரண்டு தடவை பார்க்காமல் எதுவும் சொல்லமாட்டோம் என்றார் டாக்டரம்மா. குட்டையான ஆள், நிதானமான பேச்சு. இரண்டாவது முடிவும் வந்த பிறகு ஒரு காகிதத்தில் ரத்தக்குழாய் ஒன்றை வரைந்தார்.

"காயம் பட்டா, ரத்தத்துல இருக்கற தட்டணுக்கள் ஓடி வந்து அந்த ஓட்டையில ஒட்டிக்கும். ஒட்டறதுக்கு ஒரு பசை வேணும். உங்க ரத்தத்துல அந்தப் பசை பிறவியிலேயே கம்மி. இது கேன்சர் இல்ல, தொத்து வியாதியும் இல்ல. முழுசா போகாது, ஆனா கையாளலாம். இதுக்குப் பேரு வான் வில்லிபிராண்டு நோய்."

"வில்லன் பிராண்டா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். கண்டுபிடித்தவர் பெயர் அது என்று திருத்தினார். திருத்தி என்ன பயன்? அன்று சாயங்காலத்துக்குள் பேட்டை முழுக்க அது வில்லன் பிராண்டு ஆகிவிட்டது.

ரத்தம் கொட்டிக் கொட்டி அவள் உடம்பில் இரும்புச்சத்து அடிமட்டத்துக்குப் போயிருந்தது. சொட்டுச் சொட்டாக இரும்பு ஏற்ற ஒரு பெரிய அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பூட்டுக்காரர். பூட்டுத் திறப்பது, சாவி செய்வதுதான் தொழில். அவர் கையிலும் குழாய், ஆனால் அவருடைய குழாயில் ரத்தம் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"உங்களுக்கு என்னங்க?" என்றாள்.

"எனக்கு இரும்பு ஜாஸ்தி. உடம்பு சேத்து வெச்சுக்குதாம். ஈரல் கெட்டுடும்னு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு பை ரத்தத்தை எடுத்துடறாங்க. தொழில்லயும் இரும்பு, உடம்புலயும் இரும்பு. உங்களுக்கு?"

"எனக்கு இரும்பே இல்ல."

பூட்டுக்காரர் தன் குழாயைப் பார்த்தார், அவள் குழாயைப் பார்த்தார். "நடுவுல ஒரு ஜாயிண்ட் போட்டா ரெண்டு பேருக்கும் வேலை முடிஞ்சுதே!"

"பேசாம உக்காருங்க ரெண்டு பேரும்," என்று கண்ணாடி நர்ஸ் தூரத்திலிருந்தே அதட்டினார்.

இன்னொரு நாள் ஒரு மருந்தைச் சோதனைக்காகக் கொடுத்தார்கள். உடம்பு எங்கோ பதுக்கி வைத்திருக்கும் பசையை அது வெளியே தள்ளுமாம். ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, நாலு மணி நேரத்தில் ஒரு தடவை அளந்து பார்த்தார்கள். முகம் செக்கச்செவேலென்று ஆனது, அன்று முழுக்கத் தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டியிருந்தது. ஆனால் மருந்து அவளுக்கு நன்றாகவே வேலை செய்தது. இனி பல் பிடுங்கினாலும் சின்ன அறுவை சிகிச்சை என்றாலும் முதலில் இது. கைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு அட்டையும் கொடுத்தார்கள், நோயின் பெயர், கொடுக்கக்கூடாத வலி மாத்திரைகள், பிரிவின் தொலைபேசி எண் எல்லாம் போட்டு.

இரும்பு ஏற்றிய மூன்றாவது வாரம் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். அம்மாவைப் பார்க்க அவள் குடியிருந்த இரண்டாம் மாடிக்கு ஏறும்போது எப்போதும் முதல் மாடியில் நின்று ஃபோனைப் பார்ப்பது போலப் பாவனை செய்வாள். மூச்சு வாங்குவதை யாரும் பார்த்துவிடக்கூடாது. அன்று நிற்கவே இல்லை. அம்மாவின் கதவைத் தட்டிய பிறகுதான், 'அட, வந்துட்டேனே' என்று தோன்றியது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. இது பரம்பரையாக வரும், வீட்டில் எல்லோரையும் அழைத்து வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும் வேதவாக்காகிவிட்டது. முதலில் மகள். ரத்தம் எடுத்தாயிற்று, முடிவு வந்தாயிற்று, மகளுக்கும் அதே. பிரேக் அக்கா அழத் தயாராக இருந்தாள். மகள் காகிதத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள், "பரம்பரைச் சொத்து பரம்பரைச் சொத்துன்னு சொல்வீங்களே, அது இதானா?" அந்த நாட்களுக்கென்று ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த மாதம் அவள் ஒரு நாள்கூடப் பள்ளிக்கு லீவு போடவில்லை. அதில் அவளுக்குச் சின்ன வருத்தமும் உண்டு, கணக்குப் பரீட்சை அந்த நாட்களில்தான் இருந்தது.

அடுத்து தம்பி. குழாய் வேலை செய்கிறவன். ஆறடி ஆள், சாக்கடைக்குள் தலைகீழாக இறங்குவான், ஊசி என்றால் மட்டும் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிப்பான்.

"எனக்கு எதுக்குக்கா? நான் ஆம்பள. எனக்கு ஒன்பது நாளும் கிடையாது, பத்து நாளும் கிடையாது."

"ஆம்பளைக்கும் வரும்டா. கையை நீட்டு."

"பசை விஷயம் எனக்குத் தெரியும்க்கா. ஜாயிண்ட்ல டேப் சுத்தாம விட்டா ஒழுகும். எனக்கு ஒழுகல. விட்டுடு."

டாக்டரம்மா வரைந்து காட்டியதைவிட அவன் சொன்னதுதான் குடும்பத்தில் எல்லோருக்கும் புரிந்தது. ஆனாலும் அக்கா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்தாள். ஊசி உடம்பில் படுவதற்கு முன்னாலேயே தம்பி மயங்கிச் சரிந்தான். இரண்டு நர்ஸும் பிரேக் அக்காவும் சேர்ந்து தாங்கிப் பிடித்தார்கள். கடைசியில் அவனுக்கு ஒன்றுமில்லை, பசை தாராளமாக இருக்கிறது என்று முடிவு வந்தது.

"அப்ப நான் மயங்கி விழுந்தது வீணா?" என்று கேட்டான்.

அம்மாவிடம்தான் பருப்பு வேகவில்லை. எழுபத்தோரு வயது. தம்பியோடுதான் இருந்தாள். ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் முப்பது வருடம் படுக்கை விரிப்பு மடித்தவள். இரண்டு முழங்காலும் தேய்ந்து, கைத்தடி இல்லாமல் நகரமுடியாது. படி இறங்குவதென்றால் ஒரு படிக்கு இரண்டு 'அம்மாடி'. அதனால் வருடத்துக்கு நாலைந்து தடவைதான் தெருவையே பார்ப்பாள். முழங்கால் மூட்டை மாற்றினால் சரியாகும் என்று எல்லா எலும்பு டாக்டரும் சொன்னார்கள், சொல்லிவிட்டு அம்மாவின் பழைய கதையைக் கேட்டதும் பின்வாங்கினார்கள். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்தபோது ரத்தம் நிற்காமல் பிழைத்ததே பெரிய பாடு. 'இனிமே இந்த உடம்புல கத்தி வைக்காதீங்க' என்று அன்று யாரோ சொன்னதை அம்மா சட்டமாகவே வைத்திருந்தாள்.

"இத்தனை வருஷம் ஓட்டியாச்சு. இன்னும் கொஞ்ச தூரம்தானே? இனிமே எதுக்கு?"

"நீ ஓட்டலம்மா. நிறுத்தி வெச்சிருக்க," என்றாள் பிரேக் அக்கா.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தில்தான் கிளம்பினாள். தம்பியும் பிரேக் அக்காவும் நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கிக் காரில் ஏற்றினார்கள்.

முடிவு சொல்லப்பட்ட நாளில் டாக்டரம்மா தன் நாற்காலியை அம்மாவுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்களுக்கும் இதே கோளாறுதான்மா. உங்ககிட்டேர்ந்துதான் பொண்ணுக்கு வந்திருக்கு. வயசுல உங்களுக்கு ரத்தம் நிறையப் போயிருக்கும். ரொம்ப அசதியா இருந்திருப்பீங்களே? நின்னா தலை சுத்தி, எங்கயாவது உக்காரணும்னு தோணி..."

அம்மா கைத்தடியின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, நான் சோம்பேறி இல்லையா?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பிரேக் அக்காவுக்குப் புரிந்தது. சலவைக்கூடத்தில் அம்மாவின் பெயர் தூங்குமூஞ்சி. மடித்த விரிப்பின் மேல் உட்கார்ந்துவிடுவாள் என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேலி செய்வார். வீட்டில் அப்பா, "உங்கம்மாவுக்கு உடம்பு வணங்காது" என்பார். அம்மா மறுத்ததே இல்லை, அவளும் அதை நம்பினாள். பிள்ளைகளும் நம்பினார்கள். பள்ளிக்கூட நாளில் பிரேக் அக்காவே ஒருமுறை, "எப்பப் பாத்தாலும் படுத்துக்கிட்டே இருக்கியேம்மா" என்று கத்தியிருக்கிறாள். அது இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "அவ்வளவு கம்மி ரத்தத்தோட முப்பது வருஷம் நின்னு வேலை செஞ்சிருக்கீங்கன்னா, உங்களை எப்படி சோம்பேறின்னு சொல்றது?"

"அதை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பீங்களா?"

டாக்டரம்மா எழுதினார். கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

அம்மா குடியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அந்தப் பழைய மேற்பார்வையாளர் குடியிருந்தார். ஓய்வு பெற்று, கண் மங்கி, ஜன்னலோரம் ரேடியோவோடு இருக்கும் கிழவர். வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா மாடிக்குப் போக மறுத்தாள். நாற்காலியை அவர் வாசலில் போடச் சொன்னாள். கதவைத் திறந்தவரிடம் காகிதத்தை நீட்டினாள்.

"சத்தமா படிங்க."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து படித்தார். முழுவதும் படித்துவிட்டு, இன்னொரு முறை மனத்துக்குள்ளேயே படித்தார்.

"எனக்குத் தெரியாதேம்மா."

"எனக்கும்தான் தெரியாது," என்றாள் அம்மா. "சரி, இப்பத் தெரிஞ்சுக்குங்க." காகிதத்தை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "தூக்குங்கடா."

அன்று சாயங்காலம் அவளாகவே மூட்டுப் பேச்சை எடுத்தாள்.

ரத்தப் பிரிவும் எலும்புப் பிரிவும் மூன்று முறை கூடிப் பேசின. எலும்பு டாக்டருக்கு உள்ளூர உதறல். டாக்டரம்மா ஒரு அட்டவணை தயார் செய்தார். அம்மாவின் வயதுக்கு அந்தப் பசையைத் தள்ளும் மருந்து ஒத்துவராது, பசையையே நேராக ஊசி வழியாக ஏற்றிவிடலாம். அறுவைக்கு முன் எவ்வளவு, பிறகு எத்தனை மணிக்கு ஒரு தடவை, எத்தனை நாள் வரைக்கும், எப்போதெல்லாம் அளந்து பார்க்க வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. கண்ணாடி நர்ஸ் அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார்.

முதலில் வலது கால். காலை எட்டு மணிக்கு அம்மாவை உள்ளே கொண்டுபோனார்கள். பிரேக் அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்றரை மணி நேரம் அவள் வலது கால் தன்னையறியாமல் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. எதிர்ப் பெஞ்சில் இருந்தவர் எழுந்து வேறிடம் போய்விட்டார்.

பதினொன்றரைக்கு எலும்பு டாக்டர் வெளியே வந்தார். முகமெல்லாம் பல். "சாதாரணமா மத்தவங்களுக்கு எவ்வளவு போகுமோ அவ்வளவுதான் போச்சு. ஒரு பாட்டில் ரத்தம்கூட ஏத்தல."

தம்பி பக்கத்தில் நின்றிருந்தான். 'ரத்தம்' என்ற சொல்லைக் கேட்டதும் மெல்ல உட்கார்ந்துகொண்டான்.

இரண்டாம் நாள் வேறொரு வார்டிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ் ஒருத்தி வலிக்கு ஊசியோடு வந்தாள். தொடையில் சதையில் போடும் ஊசி. இந்தக் கோளாறு இருப்பவர்களுக்கு அப்படிப் போட்டால் உள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தலைமாட்டைக் காட்டினாள்.

"இதைப் படிச்சுட்டு வாம்மா."

அவள் படித்தாள். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, ஊசியைத் திருப்பி எடுத்துப்போனாள். பிரேக் அக்காவிடம் அம்மா இதைச் சொன்னபோது குரலில் பெருமை தாங்கவில்லை. "வில்லன் பிராண்டுன்னா என்னன்னு நான்தான் அவளுக்குச் சொல்லிக்குடுத்தேன்."

இடது காலுக்கு எட்டு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. அதுவும் ஒழுங்காக முடிந்தது. மூட்டுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை அம்மா படுத்தி எடுத்தாள். பத்து தடவை மடக்கச் சொன்னால் பதினைந்து தடவை மடக்குவாள். வேண்டாம், மெதுவாக என்றால், "நான் சோம்பேறி இல்ல, பேப்பர் இருக்கு" என்பாள்.

பிரேக் அக்காவுக்கு மூக்கில் இன்னமும் எப்போதாவது வரும். இப்போது என்ன செய்யவேண்டும் என்று தெரியும்: முன்னால் குனிந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், மாத்திரை ஒன்று. சித்தியையும் சோதனைக்கு வரச்சொல்லி நாலு முறை ஃபோன் பண்ணிவிட்டாள். சித்தி யோசிக்கிறேன் என்கிறாள். விடுவதாக இல்லை.

போன மாதம் ஒரு நடுப்பகல். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்திக்கு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடமிருந்து ஃபோன். பின்னணியில் ஒரே வண்டிச் சத்தம்.

"எங்கம்மா இருக்க?"

"ஆத்துப் பாலத்துல."

"யார் கூட்டிட்டு வந்தா?"

"யாரு கூட்டிட்டு வரணும்? ரெண்டு காலும் என்னோடதுதானே? சரி, ஒண்ணு கேக்கத்தான் கூப்பிட்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் துணிக்கடை இருக்குதாமே, நல்லா இருக்குமா?"

"இருக்கும்மா. அங்கயே நில்லு, வகுப்பு முடிச்சுட்டு நான் வந்து..."

"நிக்கறதுக்கா வந்தேன்?" என்று சொல்லி அம்மா ஃபோனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பிரேக் அக்கா மாடியேறிப் போனபோது கட்டிலின் மேல் இரண்டு பை. ஒன்றில் தம்பிக்குச் சட்டை. இன்னொன்றில் அம்மாவுக்கு ஒரு சேலை, கறைக்குப் பயந்து அவள் இதுவரை வாங்காத பளீரென்ற வெள்ளை. அம்மா கண்ணாடி முன்னால் நின்று அதைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரை கொஞ்சம் அகலமோ?" என்று கேட்டாள்.